கேஸ் போட்டாச்சு என்றால் முடிந்துவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன். 2007-ல் பெயரை மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் என்னவோ இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது. தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தால் உங்கள் பத்திரிகை என் கைக்கு வருவதற்குள் நாலு மேசை சுற்றியிருக்கும், நடுப்பக்கத்தில் சாம்பார் துளி காய்ந்திருக்கும். இந்தக் கடிதமும் அந்த மேசையில் வந்த சண்டையால்தான் எழுதுகிறேன்.

மலாக்கா டுரியான் துங்காலில் 2025 நவம்பரில் நம் ஆட்கள் மூன்று பேர் போலீஸ் சுட்டு இறந்தார்கள் அல்லவா, அந்த விசாரணையை 302-வது பிரிவுக்கு, அதாவது கொலைக்கு, மாற்றிவிட்டார்கள் என்று அடுத்த மாதம் செய்தி வந்தது. கடைக்காரர் பரோட்டாவைத் தட்டிக்கொண்டே, "பாத்தீங்களா கிராணி, கேஸ் போட்டாச்சு, இனி தூக்குதான்" என்றார். நான் பத்திரிகையை இரண்டு தடவை படித்தேன். விசாரணைப் பிரிவை மாற்றியதாகத்தான் இருந்தது. யார்மேலும் குற்றம் சாட்டியதாக அதில் இல்லை. சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதானே" என்றார். அப்புறம் நாஸ்தா ஆறிப்போகும்வரை பேச்சு நீண்டது.

ஒன்றே இல்லை ஐயா. போலீஸ் விசாரிக்கிறது, விசாரணைக் கோப்பு சட்டத்துறைத் தலைவரிடம் போகிறது, குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்பது அவர் கையில், அரசியலமைப்பின் 145-வது பிரிவு அந்த அதிகாரத்தை அவருக்குத்தான் கொடுத்திருக்கிறது. குற்றம் சாட்டிய பிறகும் கொலை வழக்கு என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றச்சாட்டை வாசிப்பதோடு சரி, ஒத்துக்கொள்கிறாயா என்று அங்கே கேட்க மாட்டார்கள், அது உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தூக்கும் முன்போலக் கட்டாயம் கிடையாது, 2023-லிருந்து நீதிபதி 30-லிருந்து 40 வருடம் வரை சிறையும் கொடுக்கலாம். இதை ஒரே ஒரு நாள் நீங்கள் சின்னதாக ஒரு பெட்டி கட்டிப் போட்டிருந்தால் எங்கள் மேசையில் அவ்வளவு சத்தம் வந்திருக்காது.

அமினுல்ராஷிட் அம்ஸா என்ற பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அன்றைக்குக் கடையில் இருந்த ஏழு பேரில் ஒருவருக்குத்தான் இருந்தது, அதுவும் "அந்த ஷா ஆலம் பையன்" என்றுதான் சொன்னார். பதினான்கு வயது. 2010 ஏப்ரல் 26, நடுச்சாமம் தாண்டி, அக்காவுடைய காரை எடுத்துக்கொண்டு கூட்டாளியோடு போனவன், போலீஸ் துரத்தியது, நிற்கவில்லை, வீட்டுக்குப் பக்கத்திலேயே சுடப்பட்டுச் செத்தான். காரில் பாராங் (வெட்டுக்கத்தி) இருந்தது என்று முதலில் போலீஸ் சொன்னது. (பாராங் வராத செய்தி உண்டா சொல்லுங்கள்.) நாடே கொதித்தது. சுட்ட கார்ப்பரல்மேல் 304(a) பிரிவில் வழக்குப் போட்டார்கள், கொலை அளவுக்கு வராத மரணம், 30 வருடம் வரை கிடைக்கக்கூடியது. 2011-ல் ஷா ஆலம் செஷன்ஸ் நீதிமன்றம் (உயர்நீதிமன்றத்துக்குக் கீழே உள்ளது) குற்றவாளி என்று சொல்லி ஐந்து வருடம் போட்டது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். 2012-ல் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது, 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இது கடையில் யாருக்கும் தெரியவில்லை. "அவன் உள்ளதானே இருந்தான்?" என்று கேட்கிறார்கள்! செஷன்ஸில் தொடங்கிய வழக்கு என்பதால் அதற்குமேல் நாட்டின் உச்ச கோர்ட்டான கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போகவும் வழியில்லை. பிறகு பையனின் குடும்பம் சிவில் வழக்குப் போட்டு, 2016-ல் உயர்நீதிமன்றம் நாலு லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கொடுக்கச் சொன்னது. ஒரே துப்பாக்கிச்சூடு, கிரிமினல் கோர்ட்டில் குற்றம் இல்லை, சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு. இது எப்படி என்று விளக்கி ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் நான் படித்த ஞாபகம் இல்லை, என் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

மங்கோலியப் பெண் அல்தான்துயா கொலை வழக்கில் இது தலைகீழ். இரண்டு போலீஸ்காரர்கள், 2009-ல் உயர்நீதிமன்றத்தில் தூக்கு, 2013-ல் மேல்முறையீட்டில் விடுதலை, 2015-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுபடியும் தூக்கு, அதில் ஒருவருக்கு 2024-ல் 40 வருடச் சிறையாகக் குறைந்தது. நடுவில் எந்த வருடத்துப் பத்திரிகை கையில் கிடைத்ததோ அதுதான் முடிவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

நான் ஏன் இதில் இவ்வளவு ஒட்டிக்கொள்கிறேன் என்றால், எனக்குக் கோர்ட்டு வராந்தா பழக்கம். சில வருடத்துக்கு முன் என் அக்கா மகன் லாரியில் அடிபட்டு இறந்தான். லாரி ஓட்டியவர்மேல் வழக்கு. ஏழு தடவை போனோம், அதில் நாலு தடவை வெறும் 'செபுத்தான்', உள்ளே கூப்பிட்டு அடுத்த தேதி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அக்கா ஒவ்வொரு முறையும் மகன் படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருப்பார். ஏர்கான் குளிர் தாங்காமல் முந்தானையைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொள்வார். எங்களுக்கு ஒரு வக்கீல் இருந்தார், ஆனால் அவர் வழக்கைக் கவனிக்கத்தான், 'வாட்சிங் பிரீஃப்' என்பார்கள். எழுந்து கேள்வி கேட்க முடியாது, எங்கள் பக்கம் கேள்வி கேட்பது அரசாங்க வழக்கறிஞர் மட்டுமே. ஒரு சாட்சி அந்த இடம் இருட்டு என்றார். அக்கா என் கையைக் கிள்ளினார், அங்கே விளக்குக் கம்பம் இருக்கிறது, நாங்கள் தினமும் போகிற ரோடு. எங்கள் வக்கீல் ஒரு தாளில் எழுதி முன்னால் கொடுத்தார். துணை அரசாங்க வழக்கறிஞர் படித்தார், நாலாக மடித்தார், ஃபைலுக்குள் வைத்தார். அவ்வளவுதான். அன்றைக்கு அந்த அறையில் ஒரு நிருபர் உட்கார்ந்திருந்தால் அந்தத் தாளில் என்ன இருந்தது என்று வெளியே வந்தாவது கேட்டிருப்பார்.

போலீஸ்காரர் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் வழக்கில் இது இன்னும் மோசம். விசாரித்ததும் போலீஸ்தான், சாட்சி சொல்கிறவர்களில் பாதிப் பேர் அதே சீருடை. சரி, ஓடுகிறவனைச் சுடலாமா கூடாதா? கடையில் பாதிப் பேர் சுடலாம் என்கிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15-வது பிரிவில், கைது செய்யத் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் தூக்குத் தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சுமத்தப்படாத ஒருவனின் உயிரைப் போக்க அது உரிமை தராது என்று இருக்கிறது. தற்காப்புக்குச் சுட்டேன் என்பது வேறு கதை, அதற்கு வேறு பிரிவு. ஆக கோர்ட்டில் முழுச் சண்டையும் அந்தச் சில வினாடிகளைப் பற்றித்தான் நடக்கும், யார் எங்கே நின்றார், குண்டு முன்னாலிருந்து போனதா பின்னாலிருந்து போனதா என்று. நோயியல் மருத்துவரும் ஆயுத நிபுணரும் சாட்சி சொல்கிற நாள்தான் வழக்கின் உயிர்நாடி. அன்றைக்குத்தான் உங்கள் ஆட்கள் யாரும் இருப்பதில்லை, எல்லோரும் முதல் நாள் கைவிலங்குப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என் மச்சான் போலீஸில் கார்ப்பரலாக இருந்து ஓய்வு பெற்றவர். "எங்காளு மேல கேஸ்னா ரெண்டு பக்கமும் கெடுத்துடுவீங்கடா, முதல் நாளே கொலைகாரன்னு எழுதுவீங்க, விட்டுட்டா ஒரு வரி கூட எழுத மாட்டீங்க" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விடுதலை ஆனவரை ஊர் இன்னும் கொலைகாரன் என்றே சொல்கிறது, தண்டனை பெற்றவரை விட்டுவிட்டதாக நினைக்கிறது, இரண்டுக்கும் காரணம் முதல் பக்கத்தோடு நின்றுபோன செய்திதான்.

போலீஸ் நடத்தை ஆணையம் 2023 ஜூலையிலிருந்து இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது விசாரித்துப் பரிந்துரை செய்யலாம், கோர்ட்டுக்குக் கொண்டுபோகிற அதிகாரம் அதற்கில்லை. 2005-ல் துன் முகமட் ஜைடின் தலைமையிலான அரச ஆணையம் 125 பரிந்துரை கொடுத்ததில் கேட்டது இதைவிடப் பலமான ஒன்றை. அதைப் பற்றித் தனிக் கடிதம்தான் எழுத வேண்டும்.

நான் கேட்பது சின்ன விஷயம். சினிமாப் பக்கத்தில் கால் பக்கத்தைக் குறைத்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் யாராவது இறந்து வழக்கு நடந்தால், எந்தக் கோர்ட், எந்தப் பிரிவு, எத்தனையாவது சாட்சி, அவர் என்ன சொன்னார், அடுத்த தேதி என்ன என்று வாராவாரம் போடுங்கள். நிருபர் போதவில்லை என்றால் தேதியை மட்டுமாவது போடுங்கள், திறந்த நீதிமன்றம்தானே, யாரும் போய் உட்காரலாம். கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவர் சுவர் நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன் என்கிறார். என் வேன் காலை எட்டு மணியிலிருந்து சும்மாதான் நிற்கிறது, பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். ஷா ஆலம் என்றால் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகப் போய்விடலாம், மலாக்கா என்றால் மட்டும் இரண்டு நாள் முன்னால் தெரிய வேண்டும், பள்ளி ஓட்டத்துக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராணி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்