ஊருணிக் கரைக் கிணறும் ஓசோனும்: குடிநீர்ச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, சங்கத்து உறவுகளே, தாய்மார்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மோட்டார் காயில் இரண்டு முறை கருகியது, கட்டி மாட்டினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வந்தது கிணற்றுத் தண்ணீரின் நிறத்தைப் பற்றி.

ஐப்பசி மழையில் ஊருணி பெருகியதும், கரைக் கிணற்றுத் தண்ணீர் சொம்பில் பால் விடாத தேயிலைத் தண்ணியாட்டம் தெரிகிறது. சீமைக்கருவேல இலையும் நெற்றும் ஊறி இறங்கிய சாறு அது. கிருமி சாகக் குளோரின் மருந்தான பிளீச்சிங் பவுடர் போட்டால் வாடை மூக்கைத் துளைக்கிறது. போட்ட மருந்தையோ அந்தச் சாறே தின்றுவிடுகிறது; கடைக்கோடி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும், மிஞ்சுவதில்லை.

இலைச்சாறும் குளோரினும் கலந்தால் குளோரோஃபார்ம் முதலான டிரைஹேலோமீத்தேன்கள் உண்டாகும் என்று 1974-இல் நெதர்லாந்தின் யோஹன்னஸ் ரூக் காட்டினார். நாள்பட்டுக் குடித்தால் உடம்புக்கு ஆகாதவை. அதற்காகக் குளோரினை நிறுத்தச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். வாந்திபேதி ஒரே இரவில் பிள்ளையைக் கொண்டுபோய்விடும்.

குளோரினுக்கு முன்னால், கிருமியைக் கொன்று நிறத்தையும் வெளுக்கும் ஓசோன் என்ற வாயுவைத் தண்ணீருக்குள் விடலாம் என்று யோசனை வந்தது. கல்லூரி ஆய்வகம் ஒன்றுக்கு நம் தண்ணீரைக் கேனில் கொண்டுபோனோம். கண்ணாடி ஜாடிக்குள் குமிழி ஏற ஏற, சில நிமிடத்தில் பழுப்பு வெளுத்துப் போனது. கூட வந்த அக்கா ஜாடியைக் கையிலிருந்து இறக்கவே இல்லை.

ஆனால் நிறம் போனதால் சாறு போய்விடவில்லை. ஓசோன் அதைச் சிறு துண்டுகளாக உடைக்கிறது, அவ்வளவுதான். அந்தத் துண்டுகளைத் தின்னும் கிருமிகள் குடியிருக்கும் மணல் அல்லது கரி வடிகட்டி அடுத்து இருந்தால்தான் குளோரினுக்கு வேலை குறையும். இல்லையென்றால் அதே துண்டுகள் குழாய்க்குள் கிருமி வழுக்கலாய்ப் படியத் தீனியாகும்.

நமக்கு இன்னொரு கவலை, கடல். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு என்ற உப்புச் சத்து உண்டு. நூற்றில் ஒரு பங்கு கடல் கிணற்றில் ஏறினாலே அரை மில்லிகிராமைத் தாண்டும். ஓசோன் அந்தப் புரோமைடை உடம்புக்கு ஆகாத புரோமேட்டாக்கும்; உலக சுகாதார நிறுவனம் அதற்கு வைத்த எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். சித்திரையில் நம் கிணறு கரிக்கும் என்பது எல்லாரும் அறிந்ததே. மழைக்காலத் தண்ணீரை மட்டும் காட்டி இயந்திரம் வாங்குவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்று கூட்டத்திலேயே சொன்னேன்; இப்போதும் சொல்கிறேன்.

எனவே செயற்குழு முடிவு: மழைக்கு ஒரு முறையும் கோடைக்கு ஒரு முறையும் புரோமைடு பரிசோதனை, அதுவரை ஓசோன் இயந்திரத்துக்கு முன்பணம் கிடையாது. கிணற்றில் மோட்டாரை ஒரேயடியாக ஓட்டாமல் விட்டுவிட்டு ஓட்டுவது, கடல் ஏறாமலிருக்க. மணல் வடிகட்டித் தொட்டி இந்த ஆண்டே.

கருவேலத்தை வெட்ட ஊராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறோம். ஊருணி வற்றியதும் இலைச்சகதி அள்ள வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். மண்வெட்டி சங்கத்தில் இருக்கிறது. கூடை மட்டும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்