வாங்கும் கடன் எதற்குப் போகிறது என்று இரண்டு பக்கத்தில் சொல்லுங்கள்: நிதித்துறைக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்தும் ஆசிரியை ஒருவர், தமிழ்நாடு.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள், நிதித்துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: ஆண்டு நிதிநிலை அறிக்கையோடு, பற்றாக்குறையையும் கடனையும் எளிய தமிழில் விளக்கும் இரண்டு பக்க அறிக்கை வெளியிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2025 மார்ச் 14 அன்று சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட 2025-26 நிதிநிலை அறிக்கையில் நிதிப் பற்றாக்குறை (கடன் வாங்கி ஈடுகட்ட வேண்டிய மொத்தத் துண்டு) 1,06,963 கோடி ரூபாய், அதாவது மாநில மொத்த உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. உடனே ஒரு தரப்பு 3 சதவீத வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்றது. இன்னொரு தரப்பு, 2026 மார்ச் இறுதியில் நிலுவைக் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்ற வரியைப் பிடித்துக்கொண்டு மாநிலமே மூழ்கிவிட்டது என்றது. இரண்டு எண்ணும் உங்கள் ஆவணத்தில் இருப்பவைதான், ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு வாங்கும் கடன் எதற்குச் செலவாகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் அதே ஆவணங்களில் இருக்கிறது, தேடி எடுத்துக் கழித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வருவாய் வரவு 3,31,569 கோடி, வருவாய்ச் செலவு 3,73,204 கோடி, இடையில் விழும் துண்டு 41,635 கோடி. இந்த வருவாய் பற்றாக்குறையை மொத்த நிதிப் பற்றாக்குறையால் வகுத்தால், கடன் வாங்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் கிட்டத்தட்ட 39 ரூபாய் சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று அந்தந்த ஆண்டிலேயே தீர்ந்துபோகும் செலவுக்குப் போகிறது. மீதி 61 ரூபாய்தான் சாலை, பாலம், பாசனம், மெட்ரோ போன்றவற்றுக்கு. கடன் வாங்கி மாடி கட்டுவதும் கடன் வாங்கி மளிகைக் கடைப் பாக்கியை அடைப்பதும் ஒன்றல்ல என்பது எந்தக் குடும்பத்துக்கும் தெரியும். அரசின் கணக்கில் மட்டும் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் மக்கள் கேட்கிறார்கள்.

நலத்திட்டங்களை நிறுத்துங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. வருவாய்ச் செலவு என்றாலே வீண் செலவு என்று பேசுவது தவறு, ஆசிரியர் சம்பளமும் அரசு மருத்துவமனை மருந்தும் அதில்தான் இருக்கின்றன. மகளிர் உரிமைத்தொகைக்கு அந்த ஆண்டு ஒதுக்கிய 13,807 கோடியும் அதில்தான். அந்தப் பணம் குடும்பங்களுக்குள் என்ன செய்கிறது என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் 2012-13க்குப் பிறகு தமிழ்நாடு வருவாய் உபரியையே பார்க்கவில்லை. 2003ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வருவாய் பற்றாக்குறையை ஒழிக்க வேண்டும் என்கிறது, அதற்கான காலக்கெடுவோ பலமுறை திருத்தப்பட்டு நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. 3 சதவீத வரம்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அடுத்தது என்னை அதிகமாக உறுத்தும் விஷயம். 2022-23இல் வருவாய் பற்றாக்குறை 52,781 கோடி என்று முதலில் மதிப்பிட்டார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 30,476 கோடியாகக் குறைந்தது, அது பெரிய செய்தியாகவும் வந்தது, மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்த ஆண்டு இறுதிக் கணக்கு வந்தபோது அது 36,215 கோடி. ஐயாயிரம் கோடிக்கு மேல் வித்தியாசம், அது எதனால் வந்தது என்று சாதாரண ஆள் ஒருவர் புரிந்துகொள்ள வழியே இல்லை. 2023-24க்கு 37,540 கோடி என்று தொடங்கியது திருத்திய மதிப்பீட்டிலேயே 44,907 கோடியாக ஏறியது. யாரோ மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மார்ச் முடியும் முன்பே போடும் மதிப்பீடு மாறத்தான் செய்யும். மதிப்பீடு தலைப்புச் செய்தியாவதும் உண்மைக் கணக்கு ஓர் அட்டவணையின் ஓரத்தில் கிடப்பதும்தான் பிரச்சினை.

சதவீதத்திலும் இதே சிக்கல் உண்டு. வகுக்கும் எண்ணான மாநில உற்பத்தி மதிப்பும் ஒரு மதிப்பீடுதான். அது திருத்தப்பட்டால், ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் சேமிக்காமலேயே பற்றாக்குறை விகிதம் இறங்கும் அல்லது ஏறும். அப்புறம், பொதுத்துறை நிறுவனங்கள் அரசு உத்தரவாதத்தின் பேரில் வாங்கும் கடன் அந்த 9.29 லட்சம் கோடிக்குள் வராது. மின் விநியோகத்தில் இழப்பு வந்தால் கடைசியில் அதை ஈடுகட்டப் போவது கருவூலம்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது, அதையும் பக்கத்திலேயே காட்டினால் என்ன?

ஒன்றிய அரசின் பங்கையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் நாம் சுமார் 6 சதவீதம், ஒன்றிய வரிகளை மாநிலங்களுக்குப் பிரிக்கப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவில் 15ஆவது குழு வரிப் பகிர்வில் நமக்குத் தந்தது 4.079 சதவீதம். ஜிஎஸ்டியால் குறைந்த வருவாய்க்கு ஒன்றிய அரசு தந்த இழப்பீடும் 2022 ஜூனோடு நின்றுவிட்டது. பற்றாக்குறையில் எவ்வளவு நம் முடிவுகளால் வந்தது, எவ்வளவு வெளியிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டினால் மாநிலத்தின் நியாயமும் பலப்படும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த நிதிநிலை அறிக்கையிலிருந்து, உரையோடு சேர்த்து இரண்டு பக்கம் எளிய தமிழில் தாருங்கள். முதல் பக்கத்தில் புதிதாக வாங்கும் கடன், அதில் பழைய கடனைத் திருப்பக் கொடுப்பது, வருவாய்த் துண்டை அடைக்கப் போவது, சாலை, பாலம் போன்ற மூலதனச் செலவுக்குப் போவது, உத்தரவாதக் கடன் ஆகியவை தனித்தனியாக இருக்கட்டும். இரண்டாம் பக்கத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளுக்கு முதல் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, இறுதிக் கணக்கு மூன்றும் பக்கம் பக்கமாக, பெரிய வித்தியாசம் வந்த இடத்தில் காரணம் ஒரு வரியில் வரட்டும். இவற்றைப் பிடிஎஃப் ஆக மட்டும் போடாமல் எக்செல் கோப்பாகவும் துறை இணையதளத்தில் ஏற்றுங்கள், பிளஸ் டூ மாணவர்களும் கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும்.

இது முடியாத வேலை இல்லை. 2021 ஆகஸ்ட் 9 அன்று மாநில நிதிநிலை பற்றி வெளியான வெள்ளை அறிக்கை, ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்று சொன்னது, பல காலம் அதைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் கடன் எவ்வளவு சொத்தாக மாறியது என்பதையும் அதே தெளிவோடு ஆண்டுதோறும் சொல்ல உங்கள் துறையால் நிச்சயம் முடியும். தேவையான எண்கள் எல்லாம் உங்களிடமே இருக்கின்றன.

இந்த மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை, முடியாது என்றால் அதற்கான காரணத்தை, எழுத்துமூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வணிகவியல் ஆசிரியை

நகல்: தலைவர், பொதுக் கணக்குக் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை.