விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுக்கத் தடை விதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்: ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்

பெறுநர்: பள்ளிக் கல்வித் துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: சிறுவர்களின் உடல் பருமன், நீரிழிவைத் தடுக்கப் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகனுக்கு வயது 12. அவன் கழுத்தின் பின்புறம் கருத்திருந்ததை அழுக்கென்று நினைத்துப் பல நாள் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததாலும் இப்படிக் கருக்கும் என்று மருத்துவர் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை பார்டரில் இருந்தது.

எங்கள் தவறும் உண்டு. தாகத்துக்குக் குளிர்பானம், தூங்கும்வரை செல்போன். இரண்டையும் நிறுத்திவிட்டோம். ஆனால் பகலெல்லாம் பிள்ளை இருப்பது பள்ளியில். அங்கே வாரத்துக்கு இரண்டே பி.டி. பீரியட். பாடம் முடியவில்லை என்று அதையும் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தேர்வு நெருங்கினால் கேட்கவே வேண்டாம். வீட்டுப்பாடம் எழுதாதவனுக்குத் தண்டனையும் விளையாட விடாததுதான்!

5 முதல் 17 வயதுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓடும்போது தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. தசையைப் படம் வரைந்து பாகம் குறிக்கும் பிள்ளைக்கு அதை அசைக்க நேரமில்லை.

எனவே, விளையாட்டுப் பாடவேளையை எந்தப் பாடத்துக்கும் எடுக்கக் கூடாது, அதைப் பறிப்பது தண்டனையாகவும் இருக்கக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டுகிறேன். கணக்கு ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம், அவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 330 மில்லி குளிர்பானத்தில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம் என்றால் மொத்தம் எத்தனை கரண்டி? உறையில் அச்சிட்டதை வைத்துப் பிள்ளைகளே வகுத்துப் பார்க்கட்டும். நான் சொன்னால் "சும்மா இரும்மா" என்பவன், தானே போட்ட கணக்கை நம்புவான்.

அப்புறம், வகுப்பு முன்னால் எடை பார்த்துச் சத்தமாகச் சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிச் சொன்ன அன்றிலிருந்து என் மகன் மைதானத்தில் இறங்கவே கூசுகிறான். உடலில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுபோவதால் வரும் முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையிடம் "இனிப்பு தின்றதால் வந்தது" என்று சொல்வதும் தவறு. அது உணவுப் பழக்கத்தால் வருவதல்ல.

அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணை போடும் முன்பே சுற்றறிக்கை பள்ளிகளுக்குப் போய்ச் சேர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவனின் தாய்