அலையாத்திக் காட்டு வாய்க்கால் வேலைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் தூர்ந்து கிடந்த மீன்முள் வாய்க்கால்களை வெட்டித் திருத்த உதவிய எல்லோருக்கும் வணக்கம். ஓடையிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து மீன்முள் போலப் பிரியும் கிளைகள்; கடல் தண்ணீர் காட்டுக்குள் வந்து வடிய இதுதான் வழி.

முதல் நன்றி வனத்துறைக் களப்பணியாளர்களுக்கு. அனுமதியோடு அளவையும் கையில் கொடுத்தார்கள். தாய் வாய்க்கால் அகலம் மேலே 3 மீட்டர், அடியில் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர். கிளைக்கு மேலே 2, அடியில் அரை, ஆழம் முக்கால். கரை சரிவாக இல்லாமல் செங்குத்தாக நின்றால் ஐப்பசி மழையிலேயே இடிந்து உள்ளே விழும்.

கோணம் பிடித்துத் தந்த ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயாவுக்கு அடுத்த நன்றி. ஓடைக்கும் தாய் வாய்க்காலுக்கும் 45 டிகிரி, தாய்க்கும் கிளைக்கும் 30. கருவி எதுவும் இல்லை, கயிறும் முளைக்குச்சியும்தான். கிளை பிரியும் இடத்தில் முளையடித்து 4 மீட்டர் கயிற்றை இழுத்தார். அதன் நுனி தாய் வாய்க்கால் கோட்டிலிருந்து நேர்குறுக்கே 2 மீட்டர் தள்ளி நின்றால் 30 டிகிரி. குறுக்காக வெட்டிவிட்டால் கடல் ஏற்றத்தில் வரும் தண்ணீர் முட்டி நின்று, வண்டலை வாய்க்கால் வாயிலேயே இறக்கிவிடும்.

சேற்றைச் சட்டி சட்டியாகச் சுமந்து தள்ளிப் பரப்பிய தம்பிகளின் வேலைதான் எல்லாவற்றிலும் பெரியது. கரையோரமே குவிப்பது சுலபம். ஆனால் அது வரப்பாகி, உள்ளே தேங்கும் நீரை வடியவிடாது. தேங்கியது வெயிலில் சுண்டி உப்பேறும். மரம் வெட்டிய நிலம் காய்ந்து அமுங்கிப் பள்ளமானதால்தான் இந்தத் திட்டே மொட்டையானது. கஜா புயல் (2018) முறித்துப் போட்ட கட்டைகளை ஓடைவாயிலிருந்து இழுத்துக் கொடுத்த படகுக்காரர்களுக்கும் நன்றி.

அலையாத்தி விதை பொறுக்கிய அக்காமார்களே, நீங்கள் கழித்த பச்சைக் காய்களைப் பார்த்து முணுமுணுத்தோம், மன்னியுங்கள். மஞ்சள் தட்டி, காம்புக் கிண்ணம் தொட்டதும் கழன்று வரும் காய்தான் முளைக்கும். ஒரு நாள் ஊறினால் தோல் தானே உரிகிறது. வேர்முனை கீழே பார்க்க விரலால் லேசாக அழுத்தினால் போதும், புதைத்தால் அழுகும். வாய்க்கால் கரைச் சரிவின் நடுவில், மீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கிறோம். அடியில் நட்டால் மூழ்கியே கிடக்கும், உச்சியில் நட்டால் காயும்.

மாடுகளை வேறு பக்கம் ஓட்டிப்போகும் பெரியவர்களுக்கும், கஞ்சியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்த வீடுகளுக்கும் நன்றி. இன்னும் ஒரு உதவி: நண்டுக்குப் போகிறவர்கள் நாற்றில் பாசி சுற்றியிருந்தால் கடல் வற்றத்தில் கையால் எடுத்துப் போட்டுவிடுங்கள். கனம் தாங்காமல் சாய்ந்துவிடும்.

நன்றியுடன்,
முத்துப்பேட்டை மீனவர்கள்