பிரிஸ்கோ வீட்டுத் தொலைக்காட்சி குறித்து மகளுக்கு

எடிசன், நியூ ஜெர்சி
டிசம்பர் 2025

அன்பு மகள் கயல்விழிக்கு,

டல்லாஸுக்கு அருகே பிரிஸ்கோவில் உள்ள உங்கள் புது வீட்டுக்கு இணைய இணைப்பு வந்துவிட்டது என்றும், அதைக் கொடுத்த நிறுவனமே இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கேபிளையும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறது என்றும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் அவசரமாகச் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதே அம்மா.

நம் வீட்டில் பல ஆண்டுகள் கேபிள் இருந்தது உனக்கு நினைவிருக்கும். விளம்பரத்தில் மாதம் 90 டாலர் என்றுதான் சொன்னார்கள். பெட்டி வாடகை, உள்ளூர் ஒளிபரப்புக் கட்டணம், விளையாட்டுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து ரசீது 140 டாலரைத் தொட்டது. ஒப்பந்தம் முடியும் முன் நிறுத்தினால் அபராதம் என்பதால் பொறுத்துக்கொண்டிருந்தோம். நிறுத்திய பிறகும், பெட்டியை நாங்கள் திருப்பித் தரவில்லை என்று ஒரு தொகை கேட்டுக் கடிதம் வந்தது. பெட்டியை ஒப்படைத்த அன்றே ரசீது வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தோம்.

எந்தச் சேவையில் சேனல்கள் அதிகம் என்று கேட்டிருக்கிறாய். உங்கள் வீட்டில் எதை அந்த நேரத்திலேயே பார்த்தாக வேண்டும் என்று முதலில் யோசித்துப் பார். தொடரையும் திரைப்படத்தையும் நாளைக்குப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆட்டம் அப்படியல்ல, மறுநாள் பார்ப்பதற்குள் முடிவு காதில் விழுந்துவிடும். மாப்பிள்ளைக்குக் கூடைப்பந்தாட்டமும் கிரிக்கெட்டும் உயிர் என்பதை நான் அறிவேன். ஆகவே அவருக்கு வேண்டிய ஆட்டங்கள் எங்கெங்கே வருகின்றன என்று கண்டுபிடித்தாலே உன் கேள்வியில் முக்கால் பங்கு தீர்ந்துவிடும்.

அதில் உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. 2024-இல் தொடங்கிய பருவத்திலிருந்து டல்லாஸ் மேவரிக்ஸ் கூடைப்பந்து அணியின் உள்ளூர் ஒளிபரப்பு 29-ஆம் சேனலுக்கு வந்துவிட்டது. ஆன்டெனா இருந்தால் இலவசமாகவே பார்க்கலாம். நாடு முழுவதற்கும் ஒளிபரப்பாகும் ஆட்டங்களை இந்தப் பருவத்திலிருந்து ஏபிசியும் விளையாட்டுச் சேனலான இஎஸ்பிஎன்னும், என்பிசியும் அதன் இணையச் சேவையான பீகாக்கும், அமேசான் பிரைமும் பங்கிட்டுக்கொண்டுள்ளன. ஏபிசியும் என்பிசியும் ஆன்டெனாவிலேயே கிடைக்கும். பிரைம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பீகாக்கில் மட்டும் வரும் ஆட்டங்கள் வேண்டுமா என்பதை மாப்பிள்ளையிடமே கேட்டுக்கொள். பெரிதாக எஞ்சுவது இஎஸ்பிஎன் ஒன்றுதான். அதையும் கடந்த ஆகஸ்டிலிருந்து வேறு எந்தத் தொகுப்பும் இல்லாமல், மாதம் 29.99 டாலருக்குத் தனியாக வாங்க முடிகிறது. பருவம் முடிந்ததும் நிறுத்திவிடலாம்.

இதற்கு மேலும் செய்திச் சேனல்களும் பிறவும் வேண்டும் என்றால்தான் இணையம் வழியாகவே நேரலைச் சேனல்களைத் தொகுப்பாகத் தரும் யூடியூப் டிவி, ஹுலு லைவ் டிவி, ஸ்லிங் போன்றவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். நாங்கள் வைத்திருப்பது யூடியூப் டிவி. உன் அம்மா காலையிலிருந்து செய்தி பார்ப்பவள். பதிவு செய்யும் நிகழ்ச்சிகளுக்கு அளவில்லை, ஒன்பது மாதம் வரை இருக்கும், ஒரே நேரத்தில் மூன்று திரைகளில் பார்க்கலாம் என்பதால் எங்களுக்கு அது ஒத்துப்போகிறது. ஆனால் 2017 ஏப்ரலில் 35 டாலருக்குத் தொடங்கிய சேவை இவ்வாண்டு ஜனவரியிலிருந்து 82.99 டாலர் ஆகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்லிங்கின் ஆரஞ்சுத் தொகுப்பு அதில் பாதியைச் சற்றே தாண்டிய விலையில் கிடைக்கிறது, இஎஸ்பிஎன்னும் அதில் உண்டு. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு திரைதான். மாமியார் ஓர் அறையிலும் மாப்பிள்ளை ஓர் அறையிலும் பார்க்கும் வீட்டுக்கு அது சரிவராது.

எதை எடுத்தாலும் ஓராண்டுக்கான பணத்தை மொத்தமாகக் கட்டாதே. சென்ற அக்டோபர் 30 அன்று டிஸ்னி நிறுவனத்துக்கும் யூடியூப் டிவிக்கும் கட்டணப் பேச்சு முறிந்து, டிஸ்னியின் சேனல்களான ஏபிசியும் இஎஸ்பிஎன்னும் அந்தச் சேவையிலிருந்து மறைந்தன. நவம்பர் 14 அன்றுதான் திரும்பின. இப்படிப்பட்ட தகராறுகள் கேபிளிலும் உண்டு. ஆனால் மாதச் சந்தாவாக இருந்தால் அன்றைக்கே வேறிடத்துக்குப் போய்விடலாம். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் அது முடியாது.

எங்கள் யூடியூப் டிவி கணக்கையே பகிர்ந்துகொள்ளலாமா என்றும் கேட்டிருந்தாய். கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்துக்குத்தான் அவர்கள் அதை அனுமதிக்கிறார்கள். உள்ளூர் சேனல்களும் வீட்டு முகவரியை வைத்தே தரப்படுகின்றன. எங்களுக்கு வருபவை நியூயார்க் நிலையங்கள். புயல் எச்சரிக்கை வரும் இரவில் உனக்கு டல்லாஸ் நிலையம்தான் வேண்டும். டெக்சாஸில் சூறாவளிக் காலம் எப்படியிருக்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இந்தக் கவலை உண்டு. இணையம் அறுந்தாலும் ஆன்டெனா வேலை செய்யும் என்பதற்காகவே, நீ வேறு எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அதை வாங்கச் சொல்கிறேன்.

கிரிக்கெட்டுக்கு வில்லோ என்ற கிரிக்கெட் சேனலைத் தனியாகவே வாங்கலாம். மாமியார் பார்க்கும் சன் தொலைக்காட்சித் தொடர்களுக்கு சன் நெக்ஸ்ட் செயலி போதும். அவர்கள் ஜனவரியில் வந்து சேரும் முன்பே அதை நிறுவி, அவர்களுக்கென்று எளிய ரிமோட் ஒன்றை ஒதுக்கிவை. பார்க்க வேண்டியதை ஒவ்வொரு முறையும் மருமகளிடம் கேட்டுப் பார்க்கும் நிலை பெரியவர்களுக்கு வரக்கூடாது.

ஆன்டெனா வாங்கியதும் தெற்குப் பக்கச் சன்னல் ஓரமாக, கூடுமானவரை உயரத்தில் வை. டல்லாஸின் முக்கியமான ஒளிபரப்புக் கோபுரங்கள் நகருக்குத் தென்மேற்கே சீடர் ஹில்லில் இருக்கின்றன; பிரிஸ்கோவிலிருந்து அவை தெற்குத் திசை. பிறகு தொலைக்காட்சியில் சேனல் தேடலை ஒரு முறை ஓடவிட்டு, 29-ஆம் சேனல் தெளிவாக வருகிறதா என்று வெள்ளிக்கிழமைக்குள் எனக்குச் சொல். வராவிட்டால் பொங்கலுக்கு வரும்போது மாடியில் பொருத்தும் பெரிய ஆன்டெனாவை வாங்கி நானே மாட்டித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா