ஆழ்துளைக் கிணற்று நீர்ப் பரிசோதனை: திங்கள் காலை பாட்டில் தாருங்கள்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வரும் திங்கள் காலை 8 மணிக்குள் உங்கள் வீட்டு போர் தண்ணீரை 2 லிட்டர் பாட்டிலில் பிடித்து என்னிடம் கொடுத்தால், தருமபுரியிலுள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சேர்த்துவிடுகிறேன். கட்டணத்தை ரசீதைப் பார்த்துப் பகிர்ந்துகொள்வோம்.

பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்று இந்தக் குழுவில் புலம்பாத நாளில்லை. அது நீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்த கால்சியம், மக்னீசியம் உப்புகளால் வருவது. லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது; வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை அனுமதி. தொல்லைதான், ஆனால் எனக்குப் பெரிய கவலை அதுவல்ல.

நம் மாவட்டத்துப் பாறையிலிருந்தே நீரில் ஃபுளோரைடு கரைகிறது. நிறம், மணம், சுவை எதுவும் காட்டிக்கொடுக்காது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பற்களில் கறை விழும். பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். கொதிக்க வைத்தால் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். சிலர் பெருமையாகக் காட்டும் டிடிஎஸ் மீட்டருக்கும் இது தெரியாது. மொத்த உப்பை மட்டுமே அது சொல்லும்.

பிடிக்கும் முறை: மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்கும் ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவிக்கும் முன்னால் உள்ள குழாயில் பிடியுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலே வேண்டும், கண்ணாடி வேண்டாம். அதே தண்ணீரால் மூன்று முறை அலசுங்கள். கதவு எண், போரின் ஆழம், தேதி எழுதி ஒட்டுங்கள்.

குளிர்பான பாட்டிலைக் கழுவாமல் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.