ஃபோர்க்லிஃப்ட் டயர் மாற்றிய முறையில் இருந்த ஆபத்தான குறைகள் பற்றிய புகார்

பெறுநர்: சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: மூன்று ஃபோர்க்லிஃப்ட்களுக்கு உங்கள் குழு டயர் மாற்றிய விதம் குறித்து

ஐயா,

வணக்கம். எங்கள் கிடங்கில் ஓடும் மூன்று ஃபோர்க்லிஃப்ட்களுக்கு டயர் மாற்ற உங்கள் நடமாடும் சேவைக் குழு போன வாரம் வந்து சென்றது. பில்லில் "டயர் மாற்றம், மூன்று வண்டி" என்று ஒரே வரிதான் எழுதியிருக்கிறது. என் புகாரே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. வெளியில் ஓடும் டீசல் வண்டியில் இருப்பது காற்று டயர். கேஸ் வண்டியில் சாலிட் டயர். உள்ளேயே ஓடும் பேட்டரி வண்டியில் பிரஸ்-ஆன் டயர். கழற்றுவதும் மாட்டுவதும் மூன்றுக்கும் வேறு வேறு வேலை. உங்கள் ஆட்களோ மூன்றையும் ஒரே சுத்தியல், ஒரே கடப்பாறை, ஒரே அவசரத்தில் முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

முதலில் டீசல் வண்டி. அதில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

அந்த வண்டியின் பின் சக்கரங்களில் இருப்பது இரண்டு துண்டு ரிம். அதில் நட்டுகள் இரண்டு வட்டமாக இருக்கும். ஒரு வட்டம் சக்கரத்தை அச்சு முனையில் இருக்கும் ஹப்போடு பிடித்திருப்பது. இன்னொரு வட்டம் ரிம்மின் இரண்டு பாதிகளையும் ஒன்றாகப் பிடித்திருப்பது. உள்ளே காற்று இருக்கும்போது இந்த இரண்டாவது வட்டத்தில் கை வைத்தால் ரிம்மே இரண்டாகப் பிரிந்து தெறிக்கும். காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ என்ற அளவில் சொல்வார்கள்; கார் டயரில் பொதுவாக 30, 35 பிஎஸ்ஐ காற்றுதான் இருக்கும். ஃபோர்க்லிஃப்ட் டயரில் 100 பிஎஸ்ஐ-க்கு மேல் இருப்பது சாதாரணம். அதனால்தான் காற்றை முழுக்க இறக்கி, வால்வு பின்னைக் கழற்றி, வால்வுக்குள் மெல்லிய கம்பியை விட்டு அடைப்பு ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே எந்த நட்டையும் தொட வேண்டும். உங்கள் ஆள் வால்வு மூடியைக்கூடத் திறக்கவில்லை. நட்டுகளை வேகமாகச் சுழற்றும் கன்னை (இம்பாக்ட் கன்) எடுத்து நேராக ரிம் நட்டில் வைத்தார். ஒரு நட்டு கழன்று, அடுத்தது பாதி தளர்ந்தபோது ரிம் விளிம்பில் "புஸ்" என்று காற்று கசிந்தது. எங்கள் ஆபரேட்டர் கத்தி நிறுத்தியிருக்காவிட்டால், சக்கரத்துக்கு நேர் எதிரே குந்தியிருந்த அந்தப் பையனின் கதி என்ன ஆகியிருக்கும்? அவருக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. யாரும் அவருக்கு இதைச் சொல்லித் தரவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படி அனுப்பி வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

அதற்கப்புறமாவது கவனம் வந்ததா என்றால் அதுவும் இல்லை. புது டியூபைப் போட்டு, சக்கரத்தைத் தரையில் கிடத்தி, ஒரு காலை அதன் மேல் ஊன்றிக்கொண்டே காற்றடித்தார்கள். இரும்புக் கூண்டு வேனில் இல்லவே இல்லை. கூண்டுக்குள் வைத்து, வால்வைக் கவ்விப் பிடிக்கும் முனையும் நீளமான ஹோசும் போட்டு, எட்ட நின்று காற்றடிக்க வேண்டிய டயர் அது.

அடுத்து கேஸ் வண்டி. சாலிட் டயரில் காற்று கிடையாது, அதனால் வெடிக்காது. ஆனால் அது முழு ரப்பர். ஓரத்தில் எஃகுக் கம்பிகள் வைத்து வார்த்தது. ரிம்மில் அதை ஏற்ற ஹைட்ராலிக் பிரஸ் என்ற அழுத்து இயந்திரம் வேண்டும். மசகுக்கு எண்ணெயோ கிரீஸோ போடக்கூடாது, சோப்புக் கரைசல்தான் போட வேண்டும். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும், ரிம்மிலேயே டயரை வழுக்கிச் சுற்றவும் வைக்கும். உங்கள் ஆட்கள் கிரீஸ் டப்பாவைத்தான் திறந்தார்கள். டயர் ரிம்மை விட்டுக் கழலாமல் பிடிக்கும் லாக் ரிங்கைச் சுத்தியலால் அடித்து வளைத்துவிட்டு அதையே திரும்பவும் போட்டார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, முன் டயர்களில் இடது பக்கத்தை மட்டும் மாற்றியது. வலது டயர் இன்னும் பக்கவாட்டில் இருக்கும் தேய்மானக் கோடு வரை வரவில்லையாம், அதனால் ஒன்று போதுமாம். தேய்மானக் கோடு சொல்வது ஒரு டயரை எப்போது தூக்கி எறிய வேண்டும் என்பதைத்தான். ஒரே அச்சில் புதுசையும் பழசையும் கலக்கலாம் என்று அது சொல்லவில்லை. சரக்கோடு போகும்போது எடையின் பெரும்பகுதி முன் அச்சில்தான் விழுகிறது. தரையிலிருந்து அச்சின் நடு வரை இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து நானே அளந்தேன். ஏறக்குறைய 2 செ.மீ. வித்தியாசம். இரண்டு டயருக்கும் நடுவே 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 4 மீட்டர் உயரத்தில் தூக்கிய சரக்கு 8 செ.மீ. பக்கவாட்டில் விலகி நிற்கும். மேல் தட்டில் பேலட்டை வைக்கும்போது மாஸ்ட் (சரக்கைத் தூக்கும் முன்பக்கத் தூண்) ஒரு பக்கமாகச் சாய்வதாக ஆபரேட்டர் சொன்னார். அன்றே அந்த வண்டியை நிறுத்திவிட்டேன்.

பேட்டரி வண்டியின் பிரஸ்-ஆன் டயர் இதிலிருந்தும் வேறு. அது இரும்பு வளையத்தின் மேல் ஒட்டிய ரப்பர். அந்த வளையம் சக்கரத்தை விடக் கடுகளவு சின்னதாக இருக்கும். பல டன் அழுத்தத்தில் நேராக ஏற்றினால்தான் அந்த இறுக்கமே டயரைப் பிடித்து வைக்கும். போல்ட்டும் கிடையாது, லாக் ரிங்கும் கிடையாது. டயரைத் தள்ளும் பிரஸ் வளையங்களைச் சரியான அளவில் வைத்து பிரஸ்ஸில் கொடுத்தால், புது டயர் ஏறும்போதே பழையது மறுபக்கம் கழன்று விழும். உங்கள் வேனில் அந்த அளவு பிரஸ் வளையம் இல்லை. அதனால் கேஸ் கட்டரை எடுத்துப் பழைய டயரின் இரும்பு வளையத்தை வெட்டினார்கள். மூடிய கிடங்குக்குள் ரப்பர் புகை! சரக்கைக் காப்பாற்ற ஷட்டர் எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டியதாயிற்று. கட்டர் பட்டுச் சக்கரத்திலும் ஆழமான கீறல் விழுந்திருக்கிறது. புது டயர் சக்கர முகப்போடு சமமாக உட்காராமல் ஒரு பக்கம் வெளியே தள்ளி நிற்கிறது. சந்தேகப்பட்டு சக்கரத்திலும் டயரிலும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தது. அதாவது, சக்கரம் ஒரு பக்கம் சுற்ற டயர் தனியாக வழுக்கிக்கொண்டிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது இது என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மூன்று வண்டியிலும் சக்கர நட்டுகளைக் கன்னிலேயே முடுக்கிவிட்டுப் போனார்கள். நட்டைச் சரியான இறுக்கத்துக்கு அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சை யாரும் வெளியே எடுக்கவே இல்லை. சில மணி நேரம் ஓட்டிய பிறகு நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இதையெல்லாம் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னபோது கிடைத்த பதில், "டயர்தானே சார், வண்டி ஓடுதில்ல?" என்பதுதான். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

எனக்கு வேண்டியது இவைதான். கேஸ் வண்டிக்கு வலது முன் டயரும் புது லாக் ரிங்கும் போட்டு, கிரீஸ் பூசிய டயரைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப ஏற்ற வேண்டும். பேட்டரி வண்டியின் கீறல் விழுந்த சக்கரத்தை உங்கள் செலவில் மாற்றி, சரியான பிரஸ்ஸில் டயர் ஏற்றித் தர வேண்டும். டீசல் வண்டியின் ரிம்மைப் பிரித்து, போல்ட்டுகளையும் விளிம்பையும் தெரிந்தவர் ஒருவர் பரிசோதித்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இவை முடியும் வரை மூன்று வண்டியும் ஓடாது. அதற்கு வாடகை வண்டி எடுக்கும் செலவும் உங்களுடையதே. அந்தப் பையனுக்கு முறையான பயிற்சி கொடுத்த பிறகே மறுபடி ரிம் வேலைக்கு அனுப்புங்கள். எங்களிடம் என்று இல்லை, எந்த வாடிக்கையாளரிடமும்.

படங்களையும் பில்லின் நகலையும் இணைத்திருக்கிறேன். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அடுத்த முறை வரும் வேனில் காற்றடிக்கும் கூண்டு, டார்க் ரெஞ்ச், எங்கள் டயர் அளவுக்கான பிரஸ் வளையங்கள் இவை மூன்றும் இருக்கிறதா என்று வாசலிலேயே பார்ப்பேன். இல்லையென்றால் வேன் உள்ளே வராது.

இப்படிக்கு,
கிடங்குப் பராமரிப்புப் பொறுப்பாளர்